மழை லீவு நாளில் ஆன்லைன் கிளாஸ் வேண்டுமா? ஊரடங்கில் பார்த்ததை வைத்துப் பேசுவோம்

எண்ணூர் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். வடசென்னையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கம் ஒரு பேச்சு ஓடுகிறது. கலெக்டர் லீவு விட்டால் அன்றைக்கு ஆன்லைனில் வகுப்பு வைத்துவிடலாமே, பாடம் நிற்காதே என்று. தனியார் பள்ளிகளில் சிலர் ஏற்கெனவே இப்படித்தான் செய்கிறார்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறோம். என்னிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள்.

சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடினோம். பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு 2021 ஜனவரி 19 அன்று திறந்தார்கள். ஒன்பதும் பதினொன்றும் பிப்ரவரி 8 அன்று வந்தார்கள், மார்ச்சிலேயே திரும்ப வீட்டுக்குப் போனார்கள். எங்கள் பிள்ளைகள், அதாவது ஒன்று முதல் எட்டு வரை, 2021 நவம்பர் 1 வரைக்கும் வகுப்பறையையே பார்க்கவில்லை. அப்படித் திறந்தும் என்ன ஆச்சு? 4ஆம் தேதி தீபாவளி. 6ஆம் தேதி ராத்திரி பிடித்த மழையில் சென்னையே மிதந்தது. மறுபடி லீவு.

மழை ஓய்ந்து வந்த ஆறாம் வகுப்புக்கு ஒரு வகுத்தல் கணக்கு கொடுத்தேன். 612ஐ 6ஆல் வகுக்கணும். பாதிப் பேருக்கு மேல் 12 என்று எழுதியிருந்தார்கள். 6ல் 6 ஒரு தடவை போகும். அடுத்து 1ல் 6 போகாது, அங்கே ஒரு சுழியம் போடணும். பிறகு 12ல் இரண்டு தடவை. விடை 102. அந்தச் சுழியத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். வகுப்பறையாக இருந்தால் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கும்போதே இது கண்ணில் பட்டிருக்கும். நோட்டில் விரலை வைத்து "இங்க என்ன விட்ட?" என்று கேட்டால் பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு அப்போதே திருத்தும். இவர்கள் நாலாம் வகுப்பு முடியும் நேரத்தில் வீட்டுக்குப் போனவர்கள். ஃபோனில் "புரிஞ்சுதா?" என்று கேட்டபோதெல்லாம் "புரிஞ்சுது மிஸ்" என்றுதான் பதில் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தப்பாகப் புரிந்திருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது.

ஆன்லைனே கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்று உங்கள் வீட்டில், பள்ளியில், கல்லூரியில் பார்த்ததை எழுதுங்கள். கூட்டத்தில் பேச உதவியாக இருக்கும்.

---

போரூர் அப்பா

டீச்சர், உங்க ஆதங்கம் புரியுது. ஆனா எங்க வீட்டு அனுபவம் வேற, அதையும் சொல்லணும்.

எனக்கு ரெண்டு பொண்ணுங்க, தனியார் பள்ளி. நான் ஐடி, வீட்லயே வேலை. பெரியவ எப்பவும் கிளாஸ்ல வாயே திறக்க மாட்டா. ஆன்லைன்ல சாட்ல டைப் பண்ணி சந்தேகம் கேட்க ஆரம்பிச்சா. கை தூக்கினா நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பாங்கங்கிற பயம் இல்ல. ஊரடங்கு சமயத்துல நாங்க கொஞ்ச நாள் தஞ்சாவூர்ல அம்மா வீட்ல இருந்தோம், பாடம் ஒண்ணும் விட்டுப் போகல. பதிவு பண்ணின வகுப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்து நோட்ஸ் எடுத்தா. காலையில வேனுக்கு ஓடறது, சாயங்காலம் டிராஃபிக்ல மாட்டித் தூங்கி வழிஞ்சு வர்றது, அதெல்லாம் இல்ல.

சின்னவளுக்கு அப்போ ரெண்டாங்கிளாஸ். அவளுக்கு ஒத்து வரல, ஒத்துக்கறேன். 2020 ஜூலைல மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்போ கல்வி அமைச்சகம்) வழிகாட்டு விதி போட்டாங்க. ஒண்ணு முதல் எட்டு வரை ஒரு நாளைக்கு ரெண்டு வகுப்புக்கு மேல கூடாது, ஒவ்வொண்ணும் 30லேர்ந்து 45 நிமிஷம். எங்க பள்ளி காலை எட்டரைலேர்ந்து மதியம் வரை நடத்துச்சு. பாதி பெற்றோர் "ஃபீஸ் கட்டறோம்ல, முழு நேரம் எடுங்க"ன்னு கேட்டாங்க. அந்த ஜூலைலதான் உயர் நீதிமன்றம் தனியார் பள்ளிகள் 75 சதவீதக் கட்டணம் வாங்கலாம்னு சொல்லியிருந்துச்சு, முதல்ல 40, திறந்த பிறகு 35ன்னு. அப்போ பள்ளிக்கும் எதையாவது நடத்திக் காட்டணும்ங்கிற நெருக்கடி. நடுவுல மாட்டினது பிள்ளைங்க கண்ணும் கழுத்தும்.

ஆனா மழை லீவுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆன்லைன் வைக்கறதுல என்ன தப்பு? கருவி இருக்கு, பழக்கம் இருக்கு. முழங்கால் தண்ணில பிள்ளையை அனுப்பறதுக்கு இது மேல்தானே?

---

மதி பெரம்பூர்

போரூர் சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல ஆளுக்கு ஒரு ரூம், ஆளுக்கு ஒரு லேப்டாப் இருந்திருக்கும். எங்க வீட்ல நாலு பேருக்கு ஒரே ரூம், ஒரே ஸ்மார்ட்ஃபோன்.

நான் 2020 பத்தாவது செட். பரிட்சைக்கு ஹால் டிக்கெட் எல்லாம் பேசிட்டு இருந்த நேரம், ஜூன் 9ஆம் தேதி ரத்துன்னு அறிவிச்சாங்க. காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20. அடுத்த வருஷம் பதினொண்ணும் ஆல் பாஸ். அப்போ நாங்க வாழ்க்கையில எழுதின முதல் பொதுத்தேர்வே 2022 மே மாசம் பன்னிரண்டாவது. மூணு மணி நேரம் உட்கார்ந்து எழுதற பழக்கமே விட்டுப் போச்சு. அந்த வருஷம் முதல் ரிவிஷன் டெஸ்ட்ல ஒன்றரை மணி நேரத்துலயே எனக்கு விரல் மரத்துப் போச்சு. விடை தெரியும், எழுத முடியல. என் பக்கத்து பெஞ்சு பையன் பாதிப் பேப்பரை வெறுமனே வெச்சுட்டு அழுதான். இதை எந்த ஆன்லைன் கிளாஸும் எங்களுக்குச் சொல்லித் தரல.

ஃபோன் கதையும் சொல்றேன். அப்பா ஆட்டோ. ஊரடங்குல வண்டி ஓடல, கையில காசு இல்ல. 2020 ஜூன் 19லேர்ந்து மாசக் கடைசி வரைக்கும் சென்னைக்குத் தனியா முழு ஊரடங்கு போட்டாங்களே, அப்போ ஃபோன் விக்கற ரிச்சி தெருவும் கிடையாது. திறந்த பிறகு போனா, முன்னாடி கிடைச்ச விலைக்கு செகண்ட் ஹேண்ட் ஃபோன் இல்ல. அம்மா கம்மல் அடகுக்குப் போச்சு. தம்பிக்கும் எனக்கும் ஒரே நேரத்துல கிளாஸ் வந்தா அவனுக்குத்தான் ஃபோன், ஏன்னா அவன் ஆறாவது, தானா படிக்கத் தெரியாது. நான் ராத்திரி பத்து மணிக்கு மேல ஃப்ரெண்டு அனுப்பின நோட்ஸ் ஃபோட்டோவைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்து எழுதுவேன்.

நல்லதும் இருந்துச்சு. கணக்குப்பதிவியல் எனக்குச் சுத்தமா வராது. யூட்யூப்ல தமிழ்ல நடத்தற ஒருத்தர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் இருப்பாய்வும் சரிக்கட்டுதலும் புரிஞ்சுது. இன்னைக்கு பி.காம் முடிச்சு வேலையில இருக்கேன்னா அதுக்கும் ஒரு பங்கு உண்டு. நேரம் குறிச்சு "இப்ப வா"ன்னு கூப்பிட்ட கிளாஸ் எனக்கு உதவல. என் நேரத்துக்குக் காத்துக்கிட்டு இருந்த வீடியோதான் உதவுச்சு.

---

ஐ.சி.எஃப். ஓய்வு

தம்பி மதி கடைசியில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறேன்.

நான் 1980களில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே சென்னைப் பல்கலைக்கழக அஞ்சல்வழிக் கல்வியில் பி.காம். முடித்தவன். அந்த அஞ்சல்வழிப் பிரிவு 1981ல் ஆரம்பித்தது. அண்ணாமலை அதற்கு இரண்டு வருடம் முன்பே தொடங்கிவிட்டது. தபாலில் பாடக் கட்டு வரும். ஒவ்வொரு பாடமும் பக்கத்தில் வாத்தியார் இல்லாத ஒருவன் படிப்பதற்கென்றே எழுதப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டுக் கணக்கு, பயிற்சி, பின்னால் விடை. சேப்பாக்கத்தில் நேர்முக வகுப்பு நடக்கும், அதற்கு லீவு போட்டுப் போவேன். அங்கேதான் என்னைப் போல வேலைக்குப் போகிற பத்துப் பேரைச் சந்தித்தேன். சந்தேகத்தைப் பேசித் தீர்த்துக்கொள்வோம். தேர்வை மட்டும் நேரில் ஹாலில் போய் எழுதணும்.

தொலைநிலைக் கல்வி என்றால் இதுதான். படிக்கிறவனுக்கு வயது வந்திருக்கும், ஏன் படிக்கிறோம் என்று தெரிந்திருக்கும், நேரம் அவன் கையில் இருக்கும். பாடம் அதற்கென்றே செதுக்கப்பட்டிருக்கும். சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002லிருந்து இதைத்தான் செய்கிறது. ஊரடங்கு நடுவிலேயே, 2020 ஜூன் கடைசியில், சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நிரலாக்கமும் தரவு அறிவியலும் சேர்ந்த பட்டப்படிப்பை அறிவித்தது. அதிலும் வாரா வாரம் பதிவு செய்த பாடம், வாரா வாரம் பயிற்சி, தேர்வுக்கு மட்டும் நேரில் மையத்துக்குப் போகணும். ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் தரும் என்.பி.டெல். பாடங்களில் அவர்களுக்குப் பல வருட அனுபவம் இருந்தது, அதனால் முடிந்தது.

பள்ளிகளில் 2020ல் நடந்தது அது அல்ல. ஏற்கெனவே இருந்த கால அட்டவணையை அப்படியே எடுத்து ஃபோனுக்குள் ஊற்றினார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. மார்ச் 24 ராத்திரி அறிவித்து, மறுநாள் ஊரே அடங்கிப் போனது. யாருக்கும் தயாராக நேரம் கொடுக்கவில்லை. ஆனால் அந்த அவசர ஏற்பாட்டைப் பார்த்துவிட்டுத் தொலைநிலைக் கல்வியே மோசம் என்றும் பேசக்கூடாது, அந்த ஏற்பாடே போதும் என்று மழைக்கும் வெயிலுக்கும் நீட்டவும் கூடாது.

---

தாம்பரம் லேப்

பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் எடுக்கிறேன். ஐயா சொன்னதோடு கல்லூரி நிலவரத்தையும் சேர்க்கிறேன்.

கல்லூரிக்குக் கொஞ்சம் உதவி வந்தது. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு கொடுத்தார்கள், மாநிலம் முழுக்க ஒன்பதரை லட்சம் மாணவர்களுக்கு மேல். நல்ல காரியம். என் மாணவர்களில் பலர் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்கள். கார்டு கிடைத்தது, டவர் கிடைக்கவில்லை. மொட்டை மாடியில், வரப்பில் நின்று அட்டெண்டன்ஸ் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படி டேட்டா கார்டுகூட வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தியரி ஓரளவு ஓடியது. லேப்தான் ஓடவே இல்லை. கணினி சிமுலேட்டரில் ஒரு ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட் போட்டால் முதல் தடவையே அழகான அலை வரும். பாகங்களைச் செருகிச் சர்க்யூட் கட்டும் நிஜ பிரெட்போர்டில் வயர் லூஸாக இருக்கும், டிரான்சிஸ்டர் காலை மாற்றிச் செருகியிருப்பான், கிரவுண்டு கொடுக்க மறந்திருப்பான். ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு முனையாக மீட்டரை வைத்துத் தேடுவானே, அந்தத் தேடல்தான் படிப்பு. 2021 செப்டம்பரில் கல்லூரி திறந்தபோது மூன்றாம் ஆண்டு வந்த பிள்ளைகள் சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தயங்கினார்கள். சனிக்கிழமைகளில் கூப்பிட்டு உட்கார வைத்து அடிப்படையிலிருந்து செய்யச் சொன்னோம். ஒரு செமஸ்டர் முழுக்க ஆனது.

தேர்வு இன்னொரு வேதனை. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும் ஆன்லைன் தேர்வில், பக்கத்தில் அம்மா பேசியதற்கும், வெளிச்சம் குறைந்ததற்கும், நெட் போய் வந்ததற்கும் சந்தேகக் குறி விழுந்து ரிசல்ட் நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைகள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். ஒரே அறை வீட்டில் "அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது" என்றால் அவன் எங்கே போவான்?

ஆனால் வேலை நேர்முகத் தேர்வுகள் ஆன்லைனுக்கு வந்தது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய கதவு. முன்பு பெங்களூருக்கு ரயில் டிக்கெட், லாட்ஜ் வாடகை என்று யோசித்தே எத்தனையோ பேர் போகாமல் விட்டார்கள். இது கட்டாயம் நீடிக்கணும்.

---

துரைப்பாக்கம் அக்கா

நான் டீச்சர் இல்ல. கண்ணகி நகர்ல இருக்கேன், இல்லம் தேடிக் கல்வியில தன்னார்வலரா இருந்தேன். 2021 அக்டோபர் 27ல மரக்காணம் பக்கத்துல முதல்வர் தொடங்கி வெச்ச திட்டம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒன்றரை மணி நேரம், ஒண்ணுலேர்ந்து எட்டு வரை படிக்கிற பிள்ளைங்க. மாசம் ஆயிரம் ரூபா கொடுத்தாங்க. ரூபாய்க்காக யாரும் வரல.

எங்க பிளாக்ல வீடுன்னா ஒரு ஹால், ஒரு சமையல் மூலை. அங்கதான் அம்மா தாளிப்பாங்க, அங்கதான் தாத்தா படுத்திருப்பார், அங்கதான் டிவி. "கேமராவைப் போடு"ன்னு டீச்சர் சொன்னா பிள்ளை கட் பண்ணிடும். கொடியில தொங்கற துணி தெரியும், பின்னாடி அப்பா குடிச்சுட்டுப் படுத்திருக்கறது தெரியும். கூடப் படிக்கிற பிள்ளைங்க முன்னாடி அது அவமானம். அந்தப் பிள்ளையை "வகுப்புக்கு வரல"ன்னு எழுதிட்டாங்க.

கல்வித் தொலைக்காட்சில பாடம் போட்டாங்க. அது 2019லயே கோட்டூர்புரத்துலேர்ந்து ஆரம்பிச்சது, அதனால ஊரடங்கு வந்தப்போ கையில இருந்துச்சு. ஃபோன் இல்லாத வீட்டுக்கு அது ஒண்ணுதான் வழி. பாடமும் நல்லாவே எடுத்தாங்க. ஆனா டிவியைப் பார்த்து யாரு கேள்வி கேட்கறது? அக்காவுக்கு எட்டாவது பாடம் ஓடும்போது தங்கச்சி சும்மா உட்காரும், அவ பாடம் வரும்போது கரண்ட் போகும்.

எங்கிட்ட வந்த ஒரு பொண்ணு, மூணாங்கிளாஸ். ஒண்ணாங்கிளாஸ் முடியறதுக்குள்ள பள்ளியை மூடிட்டாங்க. பேரு எழுதச் சொன்னா ஒரே மூச்சுல எழுதுவா. அவ பேர்ல இருக்கற எழுத்தை வேற வார்த்தையில காட்டினா தெரியாது. எழுத்தா தெரியல, மொத்தமா ஒரு படமா மனசுல வெச்சிருந்தா. பக்கத்துல உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்க வெச்சோம். ரெண்டு மாசத்துல பஸ் போர்டு படிச்சுக்கிட்டே வந்தா. 102, 95, "கேளம்பாக்கம்"னு. அவங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

இன்னொண்ணு யாரும் எழுதல. சாப்பாடு. சத்துணவுக்குப் பதிலா அரிசி, பருப்பு கொடுத்தாங்க, சரி. அது மொத்த வீட்டுக்கும் ஆன அரிசி. மத்தியானம் பள்ளிக்கூடத்துல தட்டுல விழற சோறும் முட்டையும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் உள்ளது. ஆன்லைன் கிளாஸ்னு பேசற எல்லாரும் இதைக் கணக்குல சேர்த்துக்கணும்.

---

அண்ணாநகர் தாய்

என் மகனுக்குக் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வான். இவனைப் போன்ற பிள்ளைகளைப் பற்றி இந்த இழையில் ஒரு வரியாவது இருக்கவேண்டும் என்று எழுதுகிறேன்.

ஆன்லைனில் ஆசிரியை கேமராவுக்கு நேராக, நல்ல வெளிச்சத்தில், முகக்கவசம் இல்லாமல் பேசியபோது அவனுக்கு வகுப்பறையைவிட நன்றாகவே புரிந்தது. பள்ளி திறந்ததும் எல்லார் முகத்திலும் முகக்கவசம். அவனுக்கு உலகமே மூடிக்கொண்டது. திரையில் ஆசிரியையின் சதுரம் சின்னதாகி, பாடப் படம் பெரிதாக வந்த வகுப்புகளில் மட்டும் அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பதிவு செய்த பாடங்களில் எழுத்து ஓடினால் போதும், அவன் யாரையும் எதிர்பார்க்காமல் படிப்பான். தமிழில் அப்படி எழுத்தோடு வரும் பாடங்கள் கொஞ்சம்தான். ஆன்லைன் வேண்டாம் என்று மொத்தமாக முடிவெடுக்கும் முன் இந்தப் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள்.

---

வேளச்சேரி 2023

ஒரே ஒரு விஷயம். மழைக்கு லீவு விடற அளவுக்கு நிலைமை போனா எங்க ஏரியாவுல முதல்ல கரண்ட் கட், அப்புறம் டவர் கட். 2020 நவம்பர் நிவர் புயலுக்கும் கரண்ட் இல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் அப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள் கணக்கா கரண்டும் இல்ல, சிக்னலும் இல்ல. ஃபோன்ல இருக்கற கடைசிச் சார்ஜைப் படகு கூப்பிட வெச்சுக்கணும். அன்னைக்கு "கூகுள் மீட்ல வா"ன்னு பள்ளிலேர்ந்து மெசேஜ் வந்தா பெத்தவங்களுக்கு எப்படி இருக்கும்? மாடி வீட்ல ஜெனரேட்டர் உள்ளவங்களுக்கு மட்டும் பாடம் நடந்து, மத்தவங்களுக்கு விட்டுப் போகும். அதுக்கு எல்லாருக்கும் லீவாவே இருக்கட்டும்.

---

போரூர் அப்பா

மதி தம்பி, தப்பா எடுத்துக்க ஒண்ணும் இல்ல. நீங்க எழுதினதைப் பெரியவளும் படிச்சா. அவ தோழிகள்ல ஒருத்தி பாதி வருஷம் கிளாஸ்ல இல்லாமப் போனதை இப்பதான் எங்கிட்ட சொன்னா.

ஆனா என் கேள்வி அப்படியே நிக்குது. எல்லார் வீட்லயும் வசதி இருக்கற பள்ளியிலயும் வைக்கக் கூடாதா? ஒருத்தருக்கு இல்லைங்கறதுக்காக இருக்கறவங்களும் சும்மா உட்காரணுமா? டீச்சர் இதுக்குப் பதில் சொல்லணும்.

---

எண்ணூர் டீச்சர்

சொல்கிறேன் சார். உங்கள் பள்ளி வைத்துக்கொள்ளட்டும், விதியில் சொன்ன நேரத்துக்குள். ஆனால் அன்றைக்குப் புதுப் பாடம் எடுக்கக்கூடாது, வருகைப் பதிவு எடுக்கக்கூடாது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் வர முடியாத பிள்ளைக்கு இழப்பு இல்லை. வசதியுள்ள பள்ளி என்று நாம் நினைக்கிற இடத்திலும் அப்படி நாலு பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் மகளின் தோழி இருந்தாளே.

எங்கள் பள்ளியில் என்ன செய்தோம் என்பதையும் எழுதுகிறேன். முதலில் நானும் வாட்ஸ்ஆப் குழுவில் வீடியோ போட்டேன். பகலில் ஃபோன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். டெலிவரி, ஆட்டோ, துறைமுகம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் நோட்டு ஃபோட்டோ வந்து விழும். டியூப் லைட் நிழல் விழுந்து, பாதி எழுத்து மங்கி. அதிலும் விடை சரியாக இருக்கும், கையெழுத்து அண்ணனுடையதாக இருக்கும். அதனால் வீடியோவைக் குறைத்துவிட்டு, சாயங்காலம் அப்பா வீடு திரும்பும் நேரம் பார்த்துச் சாதாரணக் கால் போட ஆரம்பித்தேன். பட்டன் ஃபோன் போதும், டேட்டா வேண்டாம். ஒரு நேரத்தில் மூன்று பிள்ளைகளைச் சேர்த்துக் கான்ஃபரன்ஸ். "கணக்கைப் போட்டுக்கிட்டே வாயால சொல்லு" என்பேன். "ஆறுல ஆறு ஒரு தடவை மிஸ், அடுத்தது..." என்று சொல்லும்போது எங்கே தடுமாறுகிறது என்பது காதிலேயே தெரிந்துவிடும். இப்படிப் பேசிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது 102 என்று எழுதினார்கள். எல்லாரையும் கூப்பிட என்னால் முடியவில்லை, நேரம் போதவில்லை.

பாடப்புத்தகமும் அரிசி பருப்பும் வாங்கப் பெற்றோர் வந்த நாளில் கையால் எழுதி நகலெடுத்த பயிற்சித் தாளைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தோம். அடுத்த தடவை வரும்போது எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள், திருத்தித் திருப்பிக் கொடுப்போம். அந்த வரிசையில் நின்று பேசியதில்தான் ஒரு பையன் லேத் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்பது தெரிந்தது. வீட்டுக்குப் போனோம், அவன் அம்மாவிடம் பேசினோம், பட்டறை முதலாளியிடமும் பேசினோம். எட்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். திரையில் அவன் பெயர் இல்லாமல் போனதை மட்டும் வைத்து நாங்கள் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டோம், ஏனென்றால் பாதிப் பெயர்கள் இல்லாமல்தான் இருந்தன.

அண்ணாநகர் அம்மா, உங்கள் பதிவு என்னை யோசிக்க வைத்தது. எங்கள் பள்ளியிலும் காது கேளாத ஒரு குழந்தை இருக்கிறாள். நாங்கள் போடும் ஃபோன் கால் அவளுக்கு எதற்கும் ஆகாது. அவளுக்குத் தனியாக எழுத்தோடு வீடியோ வேண்டும்.

---

தாம்பரம் லேப்

டீச்சர், அந்த வீடியோவுக்கு எழுத்து ஓட விடும் வேலையை எங்கள் மாணவர்கள் செய்து தருவார்கள். தமிழில் தானாக வரும் எழுத்தில் பிழை அதிகம், அதனால் கேட்டுத் திருத்தணும். ஐந்து நிமிட வீடியோக்களாகக் கொடுத்தால் வேகமாக முடியும்.

---

மதி பெரம்பூர்

டீச்சர், கால் போடற வேலைக்கு நான் வரேன். சாயங்காலம் ஆறரைக்கு மேல ஃப்ரீ. ஆறாவது ஏழாவது கணக்கு எனக்குத் தெரியும். எங்க செட்லயே இன்னும் ரெண்டு மூணு பேரைக் கேட்கறேன். பெற்றோர்கிட்ட முன்னாடியே சொல்லி சம்மதம் வாங்கிக் கொடுங்க, தெரியாத நம்பர்லேர்ந்து கால் வந்தா பயப்படுவாங்க.

---

எண்ணூர் டீச்சர்

ரொம்ப நன்றி தம்பி, நன்றி சார். சம்மதம் எழுத்தில் வாங்கிவிடுகிறேன், முதல் கால் பெற்றோரும் நானும் சேர்ந்து இருக்கும்போதே நடக்கட்டும்.

கூட்டத்தில் நான் வைக்கப்போவது இதுதான். மழை லீவு லீவாகவே இருக்கும், விட்டுப்போன நாளைச் சனிக்கிழமையில் ஈடுகட்டுவோம். மழைக்காலம் தொடங்கும்போதே வகுப்புக்கு வகுப்பு பயிற்சித் தாள் ஒரு கட்டு ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் இருக்கும். ஃபோன் எடுக்கும் நிலையில் உள்ள வீடுகளுக்கு மட்டும் கால், அதுவும் பாடத்துக்கு முன் "தண்ணி வந்துதா, சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு. லீவு முடிந்து வரும் முதல் நாள் புதுப் பாடம் கிடையாது, தாளைத் திருத்துவோம்.

துரைப்பாக்கம் அக்கா, நீங்கள் பிள்ளைகளை எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்த அந்த முறையை எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சருக்குக் காட்டமுடியுமா? கூட்டம் முடிந்த மறுநாள் மத்தியானம் பள்ளியில் இருப்போம்.

---

துரைப்பாக்கம் அக்கா

வரேன் டீச்சர். எழுத்து அட்டையெல்லாம் எங்கிட்டயே பத்திரமா இருக்கு, எடுத்துட்டு வரேன். எண்ணூருக்கு எந்த பஸ் மாறணும்னு மட்டும் சொல்லுங்க.